முகாமில் கழித்த மூன்று நாட்கள்: பிள்ளையின் சுபாவம் அங்கே தெரிந்துவிடுமா?

வாவிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் அம்மாவின் வீட்டுக் கூரையைத் திருத்துவதற்காகச் சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது, என் பழைய தகரப் பெட்டியில் ஒரு சாரணர் குறிப்பேடு கிடைத்தது. 1997 ஓகஸ்ட் விடுமுறையில், நகரத்துப் பாடசாலையொன்றின் மைதானத்தில் நடந்த மூன்று நாள் பாசறையின் இறுதியில் பொறுப்பாசிரியர் சிவப்புப் பேனையால் எழுதிய ஒரு வரி அதில் இருக்கிறது: "ஒதுங்கும் சுபாவம். தலைமைத்துவம் போதாது." அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

அந்த வரியை அப்பா வாசித்தார், மாமா வாசித்தார், பிறகு வாசிக்காதவர்களும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். "அவன் ஒதுங்குற பிள்ளை, மேடைக்கு ஏத்தாதேங்க" என்று ஒளிவிழாவுக்கு வந்த சின்னம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நானும் காலப்போக்கில் அதையே நம்பி, கூட்டங்களில் பின்வரிசையைத் தேடிப் பழகிக்கொண்டேன்.

பாசறையைப் பற்றிச் சொல்வதானால், எங்கள் அணிக்கு மான் அணி என்று பெயர். அந்தப் போர்க்காலத்தில் எந்த மிருகத்தின் பெயரை அணிக்கு வைக்கக்கூடாது என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த நான்கு பிள்ளைகள் மண்முனைத் துறையில் படகேறி, சோதனைச் சாவடியில் தம் பாய்களையும் கோப்பைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, மத்தியானம் கழிந்துதான் வந்து சேர்ந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வெளிச்சம் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால், பாசறைத் தீயை அந்தி மங்குவதற்குள்ளேயே மூட்டி, இரண்டு பாட்டோடு தண்ணீர் ஊற்றி அணைத்தோம். முதலாம் இரவு கூடாரத்தின் தறப்பாளில் மண்ணெண்ணெய் மணத்தது. நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன் என்பதுதான் எனக்குள்ள ஞாபகம்.

இப்போது என் மகளுக்குப் பதினொரு வயது. சித்திரை விடுமுறையில் பாசிக்குடாப் பக்கம் ஐந்து நாள் தங்குமுகாம் ஒன்றுக்கு அவளை அழைத்திருக்கிறார்கள். "போய் நாலு பேரோட இருந்தால்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியும்" என்பது மனைவியின் வாதம். அந்த வாக்கியத்தைக் கேட்டவுடனே எனக்கு அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது. சிறு வயதில் முகாமுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: அங்கே வெளிப்பட்டது உங்கள் உண்மையான சுபாவமா, அல்லது அந்த மூன்று நாட்களின் சுபாவமா?

கல்லடிச் சாரணன்

தம்பி, நான் இருபத்தாறு வருடம் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சிவப்புப் பேனை வைத்திருந்த கட்சியின் சார்பில் ஒருவராவது பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டிச் சென்றபோது, வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் அந்தப் பகுதி உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அந்த முறைதான் 1912 இல் மாத்தளை வழியாக இலங்கைக்கு வந்து, பின்பு எங்கள் ஊர் வரைக்கும் பரவியது. பிள்ளையை எடைபோடுவதற்காக அதை உருவாக்கவில்லை. பெரியவரின் கை இல்லாமல் பிள்ளைகள் ஒரு வேலையை முடிக்க முடியும் என்று காட்டுவதற்காகவே உருவாக்கினார்கள். எடைபோடும் பழக்கத்தைப் பாடசாலைதான் பிறகு அதற்குள் கொண்டு வந்தது. சான்றிதழுக்கு ஒரு "குறிப்பு" நிரல் இருந்தால் ஆசிரியர் அதை நிரப்பத்தான் செய்வார். கடைசி இரவில், நித்திரைக் கலக்கத்தில், நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது வரி எழுதிய அனுபவம் எனக்கும் உண்டு. அதில் பத்து வரியாவது முதல் நாள் பார்த்ததை வைத்து எழுதியவை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் முகாமில் எதுவுமே தெரியாது என்று சொல்ல என் மனம் ஒப்பாது. தண்ணீர் வாளி தூக்க முதலில் எழும்புகிற பிள்ளை வேறு, தண்ணீர் தூக்கவேண்டும் என்று முதலில் சொல்லுகிற பிள்ளை வேறு. உன்னிச்சைக் குளத்தருகே ஒரு பாசறையில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், வெள்ளாப்பில் எழுந்து, எவரும் கேளாமலே எல்லா அணிகளுக்கும் அடுப்பு மூட்டிக் கொடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை நான் எங்கே போய்ப் படித்திருக்க முடியும்?

பசியன்

சேர் சொல்வது சரி. எங்கள் முகாமில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமான ஒரே சுபாவம், அடிப்பிடித்த பருப்புச் சட்டியைக் கழுவும் நேரத்தில் யாருக்கு வயிற்றுவலி வரும் என்பதுதான். முப்பது வருடம் கழிந்தும் அவர் மாறவில்லை. அவர் என் மூத்த அண்ணன்.

வந்தாறுமூலை வாசகி

நான் உளவியல் படித்தவள். இப்போது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். இழையைத் தொடங்கிய அண்ணன் கேட்ட கேள்வியை ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கேட்டு வருகிறார்கள் என்பதோடு, அதற்கான விடையையும் கோடை முகாம்களிலேயே தேடினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1929 இல் தியடோர் நியூகோம் என்ற அமெரிக்க ஆய்வாளர், நடத்தைச் சிக்கலுள்ள 51 சிறுவர்களை ஒரு முகாமில் அவதானித்த ஆய்வை வெளியிட்டார். பிள்ளைகள் ஒதுங்கும் சுபாவத்தினரா, கலந்து பழகும் சுபாவத்தினரா என்று பார்ப்பதே நோக்கம். முகாம் பொறுப்பாளர்கள் அன்றன்று நடந்ததை அன்றன்றே குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓரிடத்தில் ஒதுங்கிய பிள்ளை இன்னோரிடத்திலும் ஒதுங்குவான் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துப் போனது. ஆனால் அதே பொறுப்பாளர்கள் முடிவில் ஞாபகத்திலிருந்து பிள்ளைகளுக்கு மதிப்பிட்டபோது, எல்லாப் பண்புகளும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திப் போயின. கல்லடி சேர் கடைசி இரவில் எழுதிய நாற்பது வரிகளை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அவரைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். ஞாபகம் பிள்ளையைப் பார்த்து எழுதுவதில்லை, "ஒதுங்கும் பிள்ளை" என்ற சொல்லைப் பார்த்து எழுதுகிறது.

இதோடு நிறுத்திவிட்டால், சுபாவம் என்று ஒன்றே கிடையாது என்று ஆகிவிடும். அதுவும் சரியல்ல. 1994 இல் யூய்ச்சி ஷோடா, வோல்ற்றர் மிஷல், ஜாக் ரைற் ஆகிய மூவரும், நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஒரு கோடை முகாமில் 84 பிள்ளைகளை ஆறு வாரம் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு பிள்ளைக்கு 167 மணித்தியால அவதானம். அவர்கள் "இந்தப் பிள்ளை சண்டைக்காரனா?" என்று கேட்கவில்லை. ஐந்து சந்தர்ப்பங்களைப் பிரித்து எடுத்தார்கள்: சம வயதுப் பிள்ளை சீண்டும்போது, சம வயதுப் பிள்ளை சிநேகமாக அணுகும்போது, பெரியவர் பாராட்டும்போது, பெரியவர் எச்சரிக்கும்போது, பெரியவர் தண்டிக்கும்போது. மொத்தத்தில் ஒரே அளவு சண்டை பிடிக்கும் இரண்டு பிள்ளைகளில், ஒருவன் கூட்டாளி சீண்டினால் மட்டும் பாய்வான், பெரியவர் கண்டித்தால் தலைகுனிவான்; மற்றவன் கூட்டாளியின் சீண்டலைச் சிரித்துத் தள்ளிவிடுவான், பெரியவர் கண்டித்தால் பொங்குவான். இந்த "இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்" என்ற கோலம்தான் கைரேகையைப் போலப் பல பிள்ளைகளிடம் நிலையாக நின்றது.

ஆகவே அண்ணன், உங்கள் ஆசிரியர் எழுதிய வரியில் என்னை உறுத்துவது அதன் கடுமையல்ல, அதில் ஒரு "போது" இல்லாததுதான். எப்போது ஒதுங்கினீர்கள்? யார் பக்கத்தில் இருந்தபோது? அதற்கு முன் என்ன நடந்தது?

அக்கரையாள்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளை இரவு தங்கும் முகாம்களுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கவில்லை. நானா சாரணர் ஜம்போரிக்குப் போய் வந்து, கழுத்துத் துணியைக் கழற்றாமல் மூன்று நாள் ஊர் சுற்றினார். எனக்கு விடுமுறை என்றால் சம்மாந்துறையில் மூத்தம்மா வீடு. பகலில் ஓதல், பின்னேரம் பாய் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருத்தல்.

நான் போன ஒரே முகாம் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு வந்தது. எனக்குப் பதினொரு வயது. கடற்கரை ஓரத்து வீடு போய்விட்டதால் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஏழு வாரம் இருந்தோம். இலங்கையில் எல்லா மாவட்டங்களையும் விட அம்பாறையில்தான் அதிக உயிர்கள் போயின. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, இழை வேறு விடயம் பற்றியது. நான் சொல்ல வந்தது தண்ணீர்த் தாங்கியைப் பற்றி. காலையில் பவுசர் வந்ததும் குடங்களும் வாளிகளும் சண்டையும் ஒன்றாக வரும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து இலக்கங்கள் எழுதி, வரிசைக்கு வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினேன். எவரும் என்னிடம் சொல்லவில்லை. பெரிய மனிதர் ஒருவர் முந்தப் பார்த்தபோது, "உங்கட நம்பர் பதினேழு, இன்னும் வரல்ல" என்று சொல்லியிருக்கிறேன். வாப்பா அதை இன்றும் ஆச்சரியத்தோடு சொல்வார், ஏனென்றால் வீட்டில் விருந்தாளி வந்தால் அறையை விட்டு வெளியே வராத பிள்ளை நான். புதிய வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே பழையபடி அறைக்குள் போய்விட்டேன்.

ஆற்றுப்படுத்தும் தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகு இது விளங்குகிறது. முறை இல்லாத இடத்தில் நான் வாய் திறப்பேன்; முறை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் திறக்கமாட்டேன். இப்போது ஒரு வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே எனக்குச் சத்தம் அதிகம் என்பார்கள். என் கணவருக்கு அவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

ஒன்று மட்டும்: உங்களில் பலருக்கு "முகாம்" என்ற சொல் விடுமுறையாகவும் கூடாரமாகவும் கேட்கிறது. எங்கள் பக்கத்தில் அது கேட்கும் விதம் வேறு. மகளை அனுப்புமுன் உங்கள் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படிப் போகிறது என்று.

வாவிக்கரையான்

அக்கரையாள் தங்கச்சி, நீங்கள் எழுதியது உண்மை. அம்மாவிடம் "முகாமுக்குப் பிள்ளையை அனுப்புறோம்" என்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆரு கொண்டு போறது, ஆரு பொறுப்பு?" என்பதாகத்தான் இருந்தது. அகதி முகாம்களிலிருந்து கொண்டுபோனவர்கள் திரும்பி வராத 90 ஆம் ஆண்டை நேரில் பார்த்தவருக்கு வேறு கேள்வி வராது. பாசறை என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் தேநீரைக் குடித்தார்.

வாசகித் தங்கச்சியின் "எப்போது?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அழுதது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் நடந்தது ஞாபகத்தில் இல்லை.

திருக்கோவிலான்

வாசகி குறிப்பிட்ட ஆய்வுகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முகாம் என்பது பிள்ளைகளைப் பார்க்கும் வெறும் கண்ணாடி என்ற எண்ணம் மிஞ்சிவிடும். 1954 இல் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர், ஒக்லஹோமாவிலுள்ள ரொபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுவாக்கி, முதலில் ஒருவரையொருவர் அறியாமல் வைத்து, பிறகு பரிசுப் போட்டிகளில் மோதவிட்டார். கொடி எரிந்தது, இரவில் அடுத்த குழுவின் குடிலுக்குள் புகுந்து கட்டில்களைப் புரட்டினார்கள். பிறகு தண்ணீர்க் குழாயில் தடை ஏற்பட்டதாகவும் லொறி நின்றுவிட்டதாகவும் ஏற்பாடு செய்து, சேர்ந்து உழைத்தால்தான் முடியும் என்ற நிலையை உண்டாக்கியபோது பகை தணிந்தது. அந்தச் சிறுவர்கள் எல்லோரும் எந்தக் கோளாறும் இல்லாத, சாதாரண வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்துத்தான் தெரிவுசெய்யப்பட்டிருந்தார்கள். அவர்களில் எவனையாவது பிடித்து "மூர்க்க சுபாவம்" என்று குறிப்பேட்டில் எழுதினால் அது நியாயமா?

இதற்கு முந்திய வருடம் நியூயோர்க் மாநிலத்தில் அவர் நடத்திய இதே போன்ற முகாம் தோல்வியில் முடிந்தது. பிள்ளைகள் முன்பே சிநேகிதமாகியிருந்ததால், ஏற்பாட்டாளர்கள்தான் மூட்டிவிடுகிறார்கள் என்று சந்தேகித்து ஒன்றாக நின்றுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தோல்விதான்.

எங்கள் பக்கத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். விளையாட்டுப் போட்டியாக நடத்திய ஒரு முகாமில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஊர்வாரியாகப் பிரிந்து நின்றார்கள். அடுத்த வருடம், அதே பிள்ளைகள், போட்டியில்லாமல் களிமண்ணும் நாடகமுமாக நடத்தியபோது, யார் எந்த ஊர் என்று மாலைவரை எனக்கே குழப்பமாக இருந்தது. 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் இரு சமூகத்துப் பிள்ளைகளையும் அழைத்து வந்து, வெற்றி தோல்வி இல்லாத கலை வேலைகளில் விட்டதும் யோசித்துச் செய்த காரியமே. ஆகவே மகளை அனுப்புமுன் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்காதீர்கள். அந்த முகாம் எப்படிப்பட்டது, புள்ளிப்பலகை உண்டா என்று கேளுங்கள்.

கல்லடிச் சாரணன்

புள்ளிப்பலகை எல்லாவற்றையும் கெடுப்பதில்லை, திருக்கோவில் தம்பி. சுத்தப் போட்டி இல்லாவிட்டால் எங்கள் கூடாரங்களுக்குள் எலிதான் குடியிருந்திருக்கும். ஆனால் புள்ளியை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதைப் பற்றி எனக்கும் இப்போது சந்தேகம் உண்டு.

களுவாஞ்சி 97

வாவிக்கரையான், நீ யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மண்முனைத் துறையும் மான் அணியும் 97 உம் சேர்ந்தால் வேறு யாராகவும் இருக்க முடியாது. மான் அணியின் அணித்தலைவன் நான்தான். பெயர் எழுத வேண்டாம், இங்கேயே "நீ" என்று பேசலாம்.

நீ முதலாம் இரவு அழவில்லை மனே. முதலாம் இரவு அழுதவன் படுவான்கரைப் பிள்ளைகளில் சின்னவன். அவனுக்குப் பக்கத்தில் படுத்தவன் நீ. நீ அழுதது இரண்டாம் நாள் பின்னேரம். கூடாரப் பரிசோதனையில் எங்கள் அணி கடைசியாக வந்தது. கிழக்குப் பக்கத்து முளைக் கயிற்றைக் கட்டியது நீ. பரிசோதித்தவர் அந்தக் கயிற்றைக் காலால் தட்டினார், கட்டு அவிழ்ந்து தறப்பாள் சரிந்தது. "இதைக் கட்டினது ஆரு?" என்று மைதானத்துக்கே கேட்கும்படி கேட்டார். எல்லா அணிகளும் சிரித்தன. நானும் சிரித்தேன், அதை இப்போது சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ அடுத்த நாள் பாசறை கலையும்வரை ஒருவரோடும் பேசவில்லை. முதல் நாள் அப்படியல்ல. சோறு வடிப்பது எப்படி என்று எல்லோருக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாய், எனக்கும் சேர்த்து. எனக்கு அது கோபமாகக்கூட இருந்தது.

சிவப்புப் பேனைக்காரர் கண்டது மூன்றாம் நாளைத்தான்.

வந்தாறுமூலை வாசகி

களுவாஞ்சி அண்ணன் நான் கேட்ட "எப்போது" என்ற கேள்விக்கு விடை தந்துவிட்டார். இருந்தாலும் ஒரு சிறிய எச்சரிக்கை: இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன ஞாபகம் அவருடையதும்தான். இரண்டு ஞாபகங்களில் ஒன்று மட்டுமே உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாவிக்கரையான்

உன்னோடு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசியபிறகும் அந்தக் கயிறு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் சோறு வடித்தது வந்தது: மூடியை ஈரத் துணியால் பிடித்து, சட்டியைச் சரித்து, கஞ்சித் தண்ணீர் மணலில் ஓடி நுரைத்தது. யாரோ "டேய் கை, கை" என்று கத்தினார்கள். அது நீயாக இருக்கும்.

இன்னொன்றும் உறைத்தது. அலுவலகத்தில் எவராவது தனியாகக் கூப்பிட்டுப் பிழையைச் சொன்னால் நான் திருத்திவிட்டு மறந்துவிடுவேன். அதையே கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னால், எனக்குக் கோபம் வருவதாகவே எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். இதை நான் இத்தனை வருடமும் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

மகளை அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். புள்ளிப்பலகை இருக்கிறதாம், விசாரித்தேன். நேற்று இரவு பொறுப்பான ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: பிள்ளை பிழை விட்டால் தயவுசெய்து மற்றவர்கள் முன்னிலையில் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள், அவள் அதைத் தாங்கமாட்டாள் என்று. மனைவி அதை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "போன மாதம் நடனப் போட்டியில எல்லாருக்கும் முன்னால விழுந்து எழும்பி, தானே கைதட்டினவள் இவள். இது உங்கட கடிதம்" என்று மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மகளின் பைக்குள் இப்போது ஒரு டோர்ச், ஒரு கோப்பை, ஒரு பாய். கயிறு கட்டிப் பழக்கவா என்று மகளிடம் கேட்டேன். தனக்குத் தெரியும் என்றாள்.